கோலம் இல்லாத பொங்கல்

முன்னொரு காலத்தில் வெண்மலை நாட்டைக் கனகமார்த்தாண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒருவனுக்கு யானையைக் கொடுப்பான். மாலையில் அந்த யானை தன்னை முறைத்தது என்று திருப்பி வாங்கிக்கொள்வான். அவனிடம் நிலையாக இருந்தது ஒரே ஒரு பெருமைதான். ஏரித் தண்ணீரை மண்ணுக்கடியில் குழாய் பதித்து வீட்டுக்கு வீடு கொண்டுவந்தவன் அவன். வேலையை முடித்துக்கொடுத்தவர் அவையில் பெரிய மனிதரான மகுடராயர். அத்தனையும் செப்புக் குழாய் என்று கல்லில் வெட்டி ஏரிக்கரையில் நட்டும் வைத்திருந்தார்.

அந்த ஊரில் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவள் அங்கம்மை. பித்தளை அண்டாவின் உட்புறத்தைப் பளபளக்க வைக்கும் வெள்ளீயம்தான் அவளுக்குச் சோறு போட்டது. காரீயத்தை அவள் பட்டறைப் பக்கமே சேர்க்கமாட்டாள். வயிற்றுக்குள் போனால் ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும் என்பது அவளுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பாடம்.

அவள் மகள் வள்ளிக்கொடிக்குப் பன்னிரண்டு வயது. குழாய் வந்த இரண்டாம் வருஷம் வயிற்றுவலி வந்தது. பிறகு ஈறில் கருநீலமாய் ஒரு கோடு. பிறகு ஒரு நாள் காலையில், வாசலில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தபோதே, வலது கை மணிக்கட்டோடு தொங்கிப்போயிற்று. கோலமாவு சிந்தியது.

அங்கம்மை அந்தக் கையைப் பார்த்தாள். கொல்லைச் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த குழாயைப் பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள். செம்பு நிறம் பூச்சாக உதிர்ந்தது. அடியில் சாம்பல் நிறம் மின்னியது. வெள்ளைத் துணியில் தேய்த்தாள். மை தொட்டு இழுத்ததுபோல் ஒரு கறுப்புக் கோடு விழுந்தது.

அந்தத் துணியோடு நேரே அரசவைக்குப் போனாள்.

"மகாராஜா, குழாய் செம்பு இல்லை. காரீயம்."

மகுடராயர் சிரித்தார். "அண்டா தேய்க்கிறவளுக்கு அரசாங்க வேலையெல்லாம் தெரிகிறதே. மன்னா, பட்டறைக் கரியைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்."

"துணியில் இருப்பது கரியாகவே இருக்கட்டும் சாமி. என் மகள் ஈறில் இருப்பது?"

"நாவல்பழம் தின்றிருப்பாள்."

அவை சிரித்தது. ராஜாவும் சிரித்தான். அங்கம்மை ஒரு முகம் விடாமல் பார்த்து வைத்துக்கொண்டாள்.

"தெருவைத் தோண்டிப் பாருங்கள்."

"பொங்கலன்று என் தேர் ஓடுகிற தெருவையா?" என்றான் ராஜா. அவனுக்கு அப்போது விளையாட்டுப் புத்தி வந்துவிட்டது. "இன்னும் எட்டு நாள் இருக்கிறது. ஒரு கல்லைக்கூடப் பெயர்க்கக் கூடாது. நான் தேரைவிட்டு இறங்கவும் மாட்டேன். எந்த வீட்டில் காரீயம், எந்த வீட்டில் செம்பு என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே எனக்குத் தெரியவேண்டும். தெரியாவிட்டால் உன் பட்டறையைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போ."

"போகிறேன் மகாராஜா. தெரிந்துவிட்டால்?"

"கேட்டதைத் தருகிறேன்."

பொங்கலுக்கு முன் ஊரே பாத்திரத்துக்கு ஈயம் பூசும். அங்கம்மை நுழையாத சமையலறை கிடையாது. ஒவ்வொரு வீட்டிலும் அண்டாவை வாங்குமுன் ஒரு வெள்ளைத் துணியை நீட்டினாள். "நான் தொடமாட்டேன் ஆத்தா. உன் கையாலேயே குழாயைச் சுரண்டித் தேய்த்துப் பார்." பார்த்த பெண்கள் தங்கள் பிள்ளைகளின் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார்கள். அதற்குமேல் அங்கம்மை அதிகம் பேசவேண்டியிருக்கவில்லை. போகும்போது காதோடு ஒரு வார்த்தை மட்டும் சொன்னாள்.

பொங்கலன்று தேர் புறப்பட்டது. முதல் தெருவில் ஒரு வாசலிலும் கோலம் இல்லை. சாவு விழுந்த வீடுபோல் வாசல்கள் வெறுமையாகக் கிடந்தன. அடுத்த தெருவும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"சோம்பேறிக் கழுதைகள்," என்றார் பக்கத்திலிருந்த மகுடராயர்.

தேர் அவருடைய தெருவுக்குள் திரும்பியது. வீட்டுக்கு வீடு பெரிய பெரிய கோலம், நடுவில் பூசணிப்பூ.

ராஜா தேரை நிறுத்தினான். கோலத்தைப் பார்த்தான், வந்த வழியைத் திரும்பிப் பார்த்தான். அங்கம்மை வந்து நின்றாள்.

"இத்தனை வீட்டிலுமா சாவு?"

"இன்னும் வரவில்லை மகாராஜா. குழாயில் வந்துகொண்டிருக்கிறது. கோலம் இருந்தால் செம்பு, இல்லாவிட்டால் காரீயம். உங்கள் அரண்மனையிலும் கோலம் இருக்கிறது."

"ஊர்ப் பெண்களைக் கூட்டிச் சதி செய்கிறாள்," என்றார் மகுடராயர்.

அங்கம்மை இடுப்பிலிருந்த தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். "எங்கள் தெருத் தண்ணீர் சாமி. ஒரு வாய் குடியுங்கள்."

"இன்று எனக்கு விரதம்."

"பொங்கலன்று என்ன விரதமய்யா?" என்றான் ராஜா.

மகுடராயர் சொம்பைத் தொடவில்லை. இறங்கமாட்டேன் என்ற ராஜா இறங்கினான். அடுத்த தெருவுக்கு நடந்து, முதல் வீட்டுக் கொல்லையில் உடைவாளால் குழாயைச் சுரண்டி, தன் பட்டு அங்கவஸ்திரத்தில் தேய்த்தான். கோடு விழுந்தது.

அன்றே மகுடராயரின் தெருவிலிருந்த செப்புக் குழாயைப் பிடுங்கி அங்கம்மையின் தெருவில் பதிக்க உத்தரவாயிற்று. மற்ற குழாய்கள் மாறும்வரை மகுடராயர் ஏரியிலிருந்து குடம் சுமந்து வீட்டுக்கு வீடு ஊற்றவேண்டும். ராஜா தன் முத்துமாலையைக் கழற்றினான்.

"இது என் மகள் கையை நிமிர்த்துமா?" என்றாள் அங்கம்மை. "அன்று நீங்களும்தான் சிரித்தீர்கள். கடைசிக் காரீயக் குழாய் வெளியே வரும்வரை அரண்மனை வாசலிலும் கோலம் கூடாது. நான் கேட்பது அதுதான்."

அரண்மனை வாசல் பதின்மூன்று மாதம் மொட்டையாகக் கிடந்தது. வந்த தூதர்களெல்லாம் யார் தவறிப்போனார்கள் என்று துக்கம் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ராஜாவே காரணம் சொல்லவேண்டியிருந்தது. வேலை அதனால்தான் அத்தனை வேகமாக நடந்தது.

கடைசிக் காரீயக் குழாய் வெளியே வந்த அன்று, அரண்மனை வாசலில் முதல் புள்ளி வைக்க வள்ளிக்கொடியை அழைத்தார்கள். அவள் மாவை இடது கையில் அள்ளினாள்.

"அரண்மனை வாசலில் இடது கையாலா?" என்று முகம் சுளித்தார் அரண்மனைப் புரோகிதர்.

"வலது கை எங்கே போயிற்று என்று மகுடராயரைக் கேளுங்கள்," என்றாள் அங்கம்மை.

குடத்தோடு நின்ற மகுடராயர் தலை குனிந்துகொண்டார். கோணலும் மாணலுமாகப் புள்ளிகள் விழுந்தன. இன்றுவரை வெண்மலை அரண்மனையில் முதல் புள்ளியை இடது கையால்தான் வைக்கிறார்கள்.