சொர்ணத்தாயின் குரல்

சென்னையின் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் இசக்கியம்மாள் ஐந்து வருஷம் உழைத்து, தூத்துக்குடி உப்பளப் பெண்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதி முடித்தாள். படித்துப் பார்க்க வாங்கிய நெறியாளர் ஞானவரதன் அதை ஒரு வருஷம் தன்னிடமே வைத்திருந்தார். அதற்குள் அவர் பெயரில் ஒரு புத்தகம் வந்துவிட்டது. அவள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தபோது, எண்பது சதவீதம் அந்தப் புத்தகத்தில் இருப்பதுதான் என்று கம்ப்யூட்டர் காட்டியது. அவளுடைய பதிவை ரத்து செய்ய விசாரணைக் குழு கூடியது.

"நீ திருடலைன்னு எப்படிம்மா நிரூபிப்பே?" என்றார் குழுத் தலைவர்.

"சார்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன் ஐயா" என்று ஞானவரதனிடம் திரும்பினாள். "உங்க புத்தகத்துல வர்ற உப்பளத்துச் சொர்ணத்தாயை நேர்ல பார்த்தீங்களா சார்?"

"பார்க்காமலா எழுதுவேன்? ரெண்டு மணி நேரம் பேசினா. அந்தக் குரல் இன்னும் என் காதுல இருக்கு."

"அவங்க எங்க பெரியம்மா சார். பிறவியிலேயே பேச்சு வராது. கையால சொன்னதைத்தான் நான் எழுதினேன். பேச்சு வராதுன்னு போட வேண்டாம்னாங்க, அதனால போடலை."

ஞானவரதன் தண்ணீர் டம்ளரை எடுத்தார். குடிக்கவில்லை.

இசக்கியம்மாள் மேல் தப்பில்லை என்று குழு எழுதியது. புத்தகத்தையும் திரும்பப் பெற்றார்கள். ஆனால் ஆய்வேட்டை மறுபடி சமர்ப்பிக்க, விதிப்படி அவள் புது நெறியாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். படிவத்தோடு ஒன்பது பேராசிரியர்களின் அறை ஏறி இறங்கினாள். உட்காரச் சொன்னார்கள், பாராட்டினார்கள். யாரும் கையெழுத்துப் போடவில்லை.

ஒன்பதாவது ஆள்தான் உண்மையைச் சொன்னார். "நீ கெட்டிக்காரிதாம்மா. ஆனா நாங்களும் புத்தகம் எழுதணுமே."