பாதி ஜெபம்

குருசுக்கரையில் குருவுக்கு வயது குறைவு, சீடருக்கு அதிகம். எஸ்தாக்கி சாமியாருக்கு முப்பத்தைந்து இருக்கும். அவரிடம் வேதம் படித்த கயத்தான் வேதியருக்கு அறுபது தாண்டிவிட்டது. வேதியர் முழங்கால் போட்டால் சாமியார்தான் தூக்கிவிட வேண்டும் என்று கரையில் கேலி பேசுவார்கள்.

மாதா கோயிலில் சாமியாருக்கு உதவியாக ஜெபம் நடத்துவது வேதியரின் வேலை. மணி அடிப்பதும் அவர்தான். கடல் கெட்டுப்போன நாளில் கோபுரத்தில் சிவப்புக் கொடி ஏற்றுவதும் அவர்தான். கொடி பறந்தால் ஒரு வள்ளமும் இறங்கக் கூடாது. அது ஊர்க் கட்டுப்பாடு.

அப்படிக் கொடி பறந்த ஒரு நாளில் ரெம்ஜியூஸ் வள்ளத்தை இறக்கினான். சீலா மீன் கூட்டமாக வருகிறது என்று கேள்விப்பட்டால் அவனுக்கு இருப்புக் கொள்ளாது. அவன் கூப்பிட்டான் என்று நான்கு இளவட்டங்கள் கூடப் போனார்கள். அதில் ஒருவன் தஸ்நேவிஸ், கயத்தானின் ஒரே மகன்.

வள்ளம் கவிழ்ந்தது. நான்கு பேரின் உடல்கள் கரை ஒதுங்கின. ரெம்ஜியூஸின் உடல் கிடைக்கவே இல்லை.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்துக் கயத்தான் சாமியாரின் அறைக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சாமி, தண்ணிக்குள்ள கெடந்து எம் பிள்ளை கூப்பிட்டிருப்பாம்லா? மாதாவே மாதாவேன்னு தொண்டை கிழியக் கத்தியிருப்பாம்லா?"

"கத்தியிருப்பான்."

"ஏன் பதில் வரல?"

சாமியார் மேசையில் கிடந்த ஜெபமாலையை எடுத்தார்.

"நாளைக்குச் சாயங்காலம் கோயிலுக்கு வாரும், வேதியரே," என்றார்.

"இதுதான் பதிலா?"

"வாரும்."

கடலில் சாவு விழுந்தால் அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஊரே கூடி ஜெபமாலை சொல்லும். சாவு வீட்டுக்காரர்கள் முறை வைத்து முன்னால் நின்று ஆளுக்கு மாலையின் பத்து மணிகளுக்கு ஜெபம் சொல்ல வேண்டும்; அதற்கு ஒரு பத்து என்று பெயர். முன்சொல்பவர் ஒவ்வொரு ஜெபத்தையும் பாதியில் நிறுத்திவிடுவார். மீதிப் பாதியைக் கோயில் சொல்லும். அதற்குப் பிறகுதான் அடுத்த மணிக்கு விரல் நகரும்.

ஒரு ஜெபமாலைக்கு ஐந்து பத்து. அந்தத் தடவை செத்தவர்களும் ஐந்து பேர். கடைசிப் பத்து ரெம்ஜியூஸின் பெண்டாட்டி பெர்பெத்துவுக்கு.

அறை வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஊர்த் தலைவர் தொம்மை வந்து நின்றார்.

"சாமி, அஞ்சாவது பத்தைக் கன்னியர் மடத்து அம்மாமாரு சொல்லட்டும். அவ சொன்னா ஊர் வாயத் தொறக்காது."

"அவ புருஷனும் செத்துத்தானே போனான்?"

"தனியாவா செத்தான்? நாலு வீட்டு விளக்கை அணைச்சிட்டுல்லா போனான்!"

"அவ முறை வந்தா அவதான் சொல்லணும். வாயத் தொறக்கதும் தொறக்காததும் ஊர் இஷ்டம்."

தொம்மை கயத்தானைப் பார்த்தார். கயத்தான் தலையை ஆட்டினார்.

"நானும் தொறக்க மாட்டேன் சாமி. நான் ஏத்துன கொடிக்குக் கீழதான் அவன் எம் பிள்ளையக் கூட்டிட்டுப் போனான்."

"சரி," என்றார் சாமியார்.

அவ்வளவுதான். ஒரு புத்திமதியாவது சொல்லுவார் என்று எதிர்பார்த்த கயத்தானுக்கு அந்தச் சரி பிடிக்கவில்லை.

மறுநாள் கோயில் நிரம்பி வாசல் வரைக்கும் ஆட்கள் நின்றார்கள். பெர்பெத்து பக்கவாசல் ஓரமாக உட்கார்ந்தாள். அவளைச் சுற்றி மட்டும் தரை காலியாகக் கிடந்தது. பெண்கள் பக்கத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு கயத்தானின் மனைவி லெயோனம்மாள் இருந்தாள். மகனைக் கரையில் பார்த்த நேரத்திலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்லறையில்கூட அழவில்லை. இவளும் போய்விடுவாளோ என்று உறவுக்காரர்கள் பயந்துபோயிருந்தார்கள்.

மூன்று வீட்டாரும் தங்கள் தங்கள் பத்தைச் சொல்லி முடித்தார்கள். நான்காவதைக் கயத்தான் சொன்னார். குரல் உடைந்த இடத்திலெல்லாம் கோயில் அவரைத் தாங்கிக்கொண்டது.

பிறகு பெர்பெத்து எழுந்து மைக் முன்னால் வந்தாள்.

"அருள் நிறைந்த மரியாயே வாழ்க" என்று தொடங்கித் தன் பாதியைச் சொல்லி நிறுத்தினாள்.

பதில் வரவில்லை.

எப்போதும் மீதிப் பாதியை எடுத்துக் கொடுப்பவர் வேதியர். அதனால் எல்லோரும் கயத்தானைப் பார்த்தார்கள். கயத்தான் பீடத்துப் படிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரக்கண்ணால் சாமியாரைப் பார்த்தார். சாமியாராவது சொல்லுவார் என்று நினைத்தார். சாமியார் முழங்காலில் நின்றார், வாய் மூடியிருந்தது.

பெர்பெத்துவின் விரல் முதல் மணியிலேயே இருந்தது. திரும்பவும் முதலிலிருந்து சொன்னாள். சொல்லி நிறுத்தினாள்.

வெளியே அலைச் சத்தம் மட்டும் கேட்டது.

இன்னொரு தடவை தொடங்கினாள். இந்தத் தடவை பாதிகூட முழுதாக வரவில்லை. மரியாயே என்பதோடு நின்றுவிட்டது. திரும்ப "மரியாயே" என்றாள். அதற்கு மேல் போக முடியாமல் அதையே சொன்னாள்.

கயத்தானின் காதில் அது ஜெபமாக விழவில்லை. யாரோ கூப்பிடுவதாக விழுந்தது. வாயைத் திறக்கப் பார்த்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கரகரத்த, பழக்கம் விட்டுப்போன குரல்.

"அர்ச்சிஷ்ட மரியாயே..."

லெயோனம்மாள் தூணைப் பிடித்து எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அந்த மீதிப் பாதியை ஒற்றை ஆளாக, அவசரமில்லாமல், ஒரு சொல் விடாமல் சொன்னாள். பாவிகளாயிருக்கிற எங்களுக்காக என்ற இடம் வந்தபோது கோயிலில் ஒருவரும் மூச்சு விடவில்லை.

பெர்பெத்துவின் விரல் இரண்டாவது மணிக்கு நகர்ந்தது.

இரண்டாவது மணிக்குக் கயத்தானின் குரலும் சேர்ந்துகொண்டது. எப்போது வாய் திறந்தது என்று அவருக்கே தெரியாது. மூன்றாவதற்குத் தொம்மை சொன்னார். பிறகு யார் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாது. கோபுரத்துப் புறாக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பறந்தன. சர விளக்குகளின் கண்ணாடி கிணுகிணுத்தது. கரையில் வலை காத்துக் கிடந்த கிழவர்கள்கூட எழுந்து தலைத்துண்டை அவிழ்த்தார்கள். அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் இதைச் சொல்லும்போது இப்போதும் முன்கையை நீட்டிக் காட்டுகிறார்கள். நானே பார்த்தேன், மயிர் குத்திட்டு நிற்கிறது.

கூட்டம் கலைந்த பிறகு கயத்தான் சாமியாரிடம் போனார்.

"நீங்க ஏன் சாமி வாயத் தொறக்கல?"

"நான் சொல்லியிருந்தா, சாமியாரே சொல்லிட்டாரு, நமக்கென்னன்னு எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பீய."

"ஒருத்தரும் சொல்லாமப் போயிருந்தா?"

சாமியார் கையை நீட்டிக் காட்டினார். அது இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

கயத்தான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே கேட்டார்.

"எம் பிள்ளை கூப்பிட்டதுக்கு ஏன் பதில் வரலன்னு கேட்டேன். இன்னும் சொல்லலியே சாமி."

"எனக்குத் தெரியாது, வேதியரே."

சாமியார் வெளியே மணல் பக்கம் பார்த்தார்.

"ஆனா இன்னைக்கு ஒருத்தி கூப்பிட்டா. பதில் வந்துது. அது எங்க இருந்து வந்துதுன்னு உம்ம வீட்டம்மாகிட்டப் போயிக் கேளும்."

கயத்தான் வெளியே வந்தார். கோயிலுக்கு எதிரே மணலில் லெயோனம்மாளும் பெர்பெத்துவும் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பெர்பெத்துவின் தலை லெயோனம்மாளின் மடியில் இருந்தது. லெயோனம்மாள் அழுதுகொண்டிருந்தாள்.

கயத்தான் கிட்டே போனார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

லெயோனம்மாளிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை.