திராட்சை வைத்த ஐஸ்

வேலூருக்குக் கிழக்கே, தண்ணீரில்லாத பாலாற்றின் கரையில் வேதநாயகி அம்மாளின் ஆசிரமம் இருந்தது. காலையில் தியானம். மற்ற நேரமெல்லாம் நாய்கள். வண்டியில் அடிபட்டவை, வளர்த்தவர்கள் விட்டுவிட்டுப் போனவை.

மாசிலாமணி அவருடைய முதல் சீடர். அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். குருவைவிட வயதில் மூத்தவர். கத்திரி வெயில் தொடங்கினால் நாய்களுக்கு ஐஸ் செய்வது அவர் வேலை. உப்புப் போடாமல் கோழியை வேகவைத்து, சாற்றை வடிகட்டி, எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றி ஃப்ரீசரில் வைப்பார். மதியம் டம்ளர்களைத் தண்ணீரில் காட்டிக் கட்டியைத் தட்டில் கவிழ்ப்பார். நாய்கள் அவரைச் சூழ்ந்துகொள்ளும்.

"ஆசிரமத்துல கோழியா?" என்று ஒருவர் கேட்டார்.

"நாய்ங்க சன்னியாசம் வாங்கலையே," என்றார் அம்மாள்.

அந்த வருடம் தமயந்தி வந்து சேர்ந்தாள். சென்னையில் ஒரு பேக்கரியில் கேக் செய்துகொண்டிருந்தவள். கணவன் இறந்தபின் அந்த ஊரில் இருக்கப் பிடிக்காமல் வந்துவிட்டாள். அவளும் ஐஸ் செய்தாள். தயிரில் வாழைப்பழம் பிசைந்து, கேரட் துருவிப் போட்டு, எலும்பு வடிவ அச்சில் ஊற்றினாள்.

முதல் நாள் இரண்டு தட்டுகளும் வேப்பமரத்தடியில் வைக்கப்பட்டன. நாய்கள் தமயந்தியின் தட்டுக்குப் போயின. செம்பன் என்ற நாயும் போனான். நெடுஞ்சாலையில் கால் நசுங்கிக் கிடந்தவனை மாசிலாமணிதான் மடியில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அவன் அவரைத் தாண்டி நொண்டிக்கொண்டே போனான்.

"கோச்சுக்காதீங்க ஐயா, புதுசுன்னு வருதுங்க," என்று தமயந்தி சிரித்தாள்.

அவரும் சிரித்தார். அவர் தட்டில் ஐஸ் உருகித் தண்ணீராகி மண்ணில் வழிந்தது.

மாலையில் குருவிடம் போனார்.

"அம்மா, ஐஸ் செய்யறது யாரோட வேலைன்னு நீங்களே சொல்லிடுங்க."

"ரெண்டு பேருக்கும் போதுமான வெயில் அடிக்குதே, மாசிலாமணி."

அவர் எழுந்து வந்துவிட்டார். அடுத்து வந்த நாள்களில் தமயந்தி பேசினால் ஒரு வார்த்தையில் பதில் சொன்னார். செம்பன் காலடியில் வந்து படுத்தால் காலை நகர்த்திக்கொண்டார்.

ஒரு நாள் காலை, தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனார். தமயந்தி ஒரு கைப்பிடி காய்ந்த திராட்சையைத் தயிரில் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

மாசிலாமணிக்குத் திராட்சையைப் பற்றித் தெரியும். அவள் வருவதற்கு முன்பு, பாயசத்தில் கிடந்த திராட்சையைத் தின்ற ஒரு நாய் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போயிருந்தது. திராட்சை நாய்க்கு விஷம் என்று மருத்துவர் அவரிடம்தான் சொன்னார்.

"ஐயா, இதைப் போட்டா நல்லா இருக்கும்ல?" என்று தமயந்தி கேட்டாள்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நல்லா இருக்கும்," என்றார்.

கொடுக்கும்போது தடுத்துவிடலாம் என்று நினைத்தார். எல்லாரும் கூடியிருக்கும்போது, அம்மாளும் பார்த்துக்கொண்டிருக்கும்போது. ஒரு நாயும் வாய் வைப்பதற்குள் சொல்லிவிடலாம். என்ன சொல்வது என்பதைக்கூட மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மதியம் எல்லாரும் வேப்பமரத்தடியில் இருந்தார்கள். தமயந்தி தட்டோடு வந்தாள். அவள் பின்னால் செம்பன் உதட்டை நக்கிக்கொண்டே வந்தான்.

"இவனுக்கு அவசரம். உள்ளேயே ரெண்டு தின்னுட்டான்," என்றாள்.

மாசிலாமணி ஓடிப்போய்த் தட்டைத் தட்டிவிட்டார். "குடுக்காத! திராட்சை நாய்க்கு விஷம்!"

செம்பனைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். மருத்துவர் ஊசி போட்டு வாந்தி எடுக்கவைத்தார். பிறகு டிரிப்ஸ் ஏற்றினார். சிறுநீர் சரியாகப் போகிறதா என்று பார்த்தபிறகுதான் சொல்ல முடியும் என்றார். மாசிலாமணி அங்கேயே சிமென்ட் தரையில் உட்கார்ந்திருந்தார். செம்பன் கண் திறக்கும்போதெல்லாம் அவரைத்தான் பார்த்தான். அவரால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

செம்பன் பிழைத்துக்கொண்டான்.

ஆசிரமத்துக்குத் திரும்பியதும் எல்லாரும் அவரைப் பாராட்டினார்கள். தமயந்தி அவர் காலில் விழுந்து அழுதாள். "நீங்க இல்லேன்னா அத்தனை நாயையும் நானே கொன்னுருப்பேன் ஐயா."

அவர் நேராகக் குருவிடம் போனார்.

"அம்மா, எனக்குக் காலையிலேயே தெரியும். அவ என்னைக் கேட்டா. நல்லா இருக்கும்னு சொன்னேன்."

குரு நாய் ஒன்றுக்கு உண்ணி எடுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்றீங்க? கேட்டது அவதானே."

மாசிலாமணி தமயந்தியிடம் போய்ச் சொன்னார்.

"நான் உங்களை நம்பித்தானே ஐயா கேட்டேன்," என்றாள். உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை அவர் பையோடு குருவின் முன் நின்றார்.

"நான் கிளம்பறேன் அம்மா. இங்க இருக்க எனக்குத் தகுதியில்லை."

"தகுதி கிடக்கட்டும். மதியம் நாய்ங்களுக்கு ஐஸ் வேணும். தமயந்தி பயந்துபோய் அச்சைத் தொடமாட்டேங்கறா. செஞ்சு வெச்சுட்டுப் போங்க."

அவர் பையை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். தயிரில் வாழைப்பழம் பிசைந்தார். கேரட் துருவினார். எலும்பு வடிவ அச்சுகளில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தார்.

மதியம் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வெயிலில் நாய்கள் நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துக்கொண்டிருந்தன.

"தட்டைத் தமயந்திகிட்டக் குடுங்க. அவ குடுக்கட்டும்," என்றார் குரு.

மாசிலாமணி தயங்கினார். "இன்னிக்கு மட்டுமா அம்மா?"

"இந்த வெயில் முடியற வரைக்கும்."

அவர் தட்டை நீட்டினார். தமயந்தி அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனாள். நாய்கள் அவளை மொய்த்தன.

அவர் குருவின் பக்கத்திலேயே நின்றார்.

"எத்தனை நாள் நான் செஞ்சாலும் அதுங்க அவளைப் பாத்துத்தானே அம்மா வாலாட்டும்?"

"ஆமா. நீங்க வாலைப் பாக்காதீங்க. சூடு தணிஞ்சு நாக்கு உள்ள போகுதான்னு பாருங்க."