பெயிண்டின் மேல் எர்த் வயர்

கரூரில் கல்குவாரி முதலாளி தண்டபாணி, ஆடியோ கடை வாசலில் காரை நிறுத்தினார். பாட்டுச் சத்தம் ஏறினால், அங்கே மாட்டிய சப்வூஃபர் ஸ்பீக்கர் நின்றுவிடுகிறது, குறைத்தால் திரும்ப அதிர்கிறது.

“மாட்டினவ இவதானே? இவளை வேலையை விட்டு அனுப்புங்க!” என்று எல்லோர் முன்னாலும் கத்தினார்.

வயரிங் செய்யும் அமிர்தவல்லி காரின் பின்பக்கம் போனாள். டிக்கியைத் திறந்தாள். வெறும் தகடு தெரியச் சுரண்டி அவள் முடுக்கியிருந்த எர்த் வயர், இப்போது பளபளக்கும் பெயிண்டின் மேல் இருந்தது.

“எவ்வளவு நேர்த்தியா மாத்தியிருக்காங்க! எந்தக் கெட்டிக்காரருங்க?”

“நான்தான்! நீ காரைச் சுரண்டி வெச்சது பார்க்கச் சகிக்கலை.”

அவள் வயரைப் பழைய இடத்திலேயே முடுக்கிச் சத்தத்தை முழுதாக ஏற்றினாள். சப்வூஃபர் நிற்கவே இல்லை.

“பெயிண்ட் கரண்டைச் சரியா விடாதுங்க, சத்தம் ஏறினா பத்தாது. அதுக்குத்தான் சுரண்டினேன்.”

தண்டபாணி குனிந்து அந்த இடத்தையே பார்த்தார்.

“உன்னைக் கேட்டுட்டுக் கை வெச்சிருக்கோணும், தாயி.”