நான்கு வீதி வலம்

வேலந்துறை என்ற கடற்கரை ஊரில் சேந்தனார் இருபது ஆண்டுகளாக நியாயாதிபதி. ஒருவரிடமும் கை நீட்டாதவர். அவருடைய குரு வெள்ளியம்பல அடிகள் அவரைவிட வயதில் இளையவர். ஊருக்கு வெளியே, உப்பங்கழி ஓரத்து மடத்தில், வருகிறவர்களுக்கு மருந்து அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆண்டு ஆடி மாதத்தில் எண்ணெய் வியாபாரி மருதப்பன் பிடிபட்டான். நல்லெண்ணெயில் இலுப்பை எண்ணெயைக் கலந்து விற்றிருந்தான். சேந்தனார் சாட்சிகளைக் கேட்டுத் தீர்ப்புச் சொன்னார்: கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதைமேல் ஏற்றி, நான்கு வீதியும் சுற்றி வர வேண்டும்.

மருதப்பன் திருவிழாக் கூத்தில் பீமன் வேஷம் கட்டுகிறவன். கழுதை கீழவீதியில் திரும்பியதுமே, "பீமன் வர்றான்டா!" என்று கூட்டம் கூடிவிட்டது. அவன் மீசையை முறுக்கினான். தண்டோராக்காரனின் அடிக்கு ஏற்றபடி தோளைக் குலுக்கினான். யாரோ மாலை போட்டார்கள். மேலவீதியில் இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். மறுநாள் அவன் கடையில் நிற்க இடமில்லை.

ஆவணியில் பூவாத்தாள் பிடிபட்டாள். அதே எண்ணெய், அதே கலப்படம். அக்கரையிலிருந்து பிழைக்க வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஊரில் அவளுக்கு நாதி இல்லை. சேந்தனார் அதே தீர்ப்பைச் சொன்னார். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

இரண்டாவது வீதியில் சாணி விழுந்தது. மூன்றாவது வீதியில் கல் விழுந்தது. கழுதை மிரண்டு அவளைக் கீழே தள்ளிவிட்டு ஓடியது. சேவகர்கள் வந்து தூக்கும்போது அவளுடைய இடது கண் போயிருந்தது.

மூன்று நாள் சேந்தனாருக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் காலை மடத்துக்குப் போய் நடந்ததையெல்லாம் சொன்னார்.

"ஒரே குற்றம், ஒரே தீர்ப்பு. ஒருவன் ஊர்வலம் போனான், ஒருத்தி கண்ணை இழந்தாள். நான் எங்கே தவறினேன் அடிகளே?"

அடிகள் அம்மியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"மாலை போடச் சொல்லித் தீர்ப்பில் இருந்ததா?"

"இல்லை."

"கல்?"

"அதுவும் இல்லை. அதெல்லாம் ஜனங்கள் செய்தது."

"அவர்கள் சாட்சிகளைக் கேட்டார்களா?"

"வழக்கு நடந்தபோது வாசலில்கூட யாரும் நிற்கவில்லை."

"இனிமேல் வீதிக்குப் பத்துச் சேவகர்களை நிறுத்துகிறேன். கல்லும் கூடாது, மாலையும் கூடாது. பார்க்க மட்டும் செய்யலாம்" என்றார் சேந்தனார்.

"எப்படிப் பார்க்க வேண்டும் என்று எழுதுவீர்?"



அடிகள் அரைத்த விழுதை ஒரு கொட்டாங்கச்சியில் வழித்து அவர் கையில் கொடுத்தார். "உள்ளே ஓர் ஆள் படுத்திருக்கிறது. காயத்துக் கட்டைப் பிரித்து இதை வைத்துவிட்டு வாரும்."

உள்ளே படுத்திருந்தவள் பூவாத்தாள். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பியவள், வந்தவர் யாரென்று தெரிந்ததும் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"மருந்து வைக்க வந்தேன் அம்மா" என்றார் சேந்தனார்.

வெகுநேரம் கழித்து அவள் முந்தானையை விலக்கினாள். கன்னத்தில் செம்புள்ளிகள் இன்னும் முழுதாக அழியவில்லை. அவர் கட்டைப் பிரித்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

"கல் எறிந்தது யார் என்று சொல். விசாரித்துத் தண்டிக்கிறேன்."

"எறிஞ்சவங்க யாருன்னு நான் எப்படிங்க சொல்ல? இந்த ஊர்ல எனக்கு ஆரைத் தெரியும்? அத்தனை பேருல எனக்குப் பேர் தெரிஞ்சது உங்க பேரு ஒண்ணுதான்."

சேந்தனார் புதுத் துணியைக் கட்டி முடித்துவிட்டு வெளியே வந்தார். முற்றத்துத் தொட்டியில் கை கழுவினார். கழுவிய கையை மறுபடியும் கழுவினார்.

"அடிகளே, எனக்கு முன்னால் இருந்தவர் இதே குற்றத்துக்குப் பன்னிரண்டு சாட்டையடி கொடுத்துவந்தார். உடம்பில் ஓர் அடியும் விழக்கூடாது, வெட்கம் ஒன்றே போதும் என்று சொல்லி நான்தான் அரசரிடம் பேசி அதை நிறுத்தினேன். அது கருணை என்று நினைத்தேன். இப்போது அந்தச் சாட்டையே மேல் என்று தோன்றுகிறது. திரும்பக் கொண்டுவந்துவிடவா?"

"சாட்டை யார் கையில் இருக்கும்?"

"சேவகன் கையில்."

"அவன் பெயர் தெரியுமா?"

"தெரியும்."

"பன்னிரண்டுக்குமேல் அடித்தால்?"

"அவனைப் பிடித்து நிறுத்துவேன். என் முன்னால்தானே அடிப்பான்."

அடிகள் அம்மியில் தண்ணீர் தெளித்து, அடுத்த பச்சிலையை எடுத்து வைத்தார்.

"சாட்டையை நிறுத்திவிட்டதாகச் சொல்கிறீர். ஆவணியில் மூன்றாவது வீதியில் அதை யார் கையில் கொடுத்தீர்?"

சேந்தனார் ஈரக் கையோடு நின்றார்.