செங்கமலத்தின் இடுப்புச் சாவி

ஆட்டோக்காரர் இருதயராஜின் மண்டையை லாக்கப்பில் உடைத்த இன்ஸ்பெக்டர் தணிகைவேல், ஸ்டேஷனைப் பெருக்கும் செங்கமலத்தைக் கூப்பிட்டார்.

“கைதிங்க பாத்ரூம்ல தண்ணியில வழுக்கி விழுந்தான். பார்த்தேன்னு மாஜிஸ்திரேட்கிட்ட சொல்லணும். இல்லைன்னா உன் வேலை காலி.”

செங்கமலம் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். “எனக்கு மறந்து போயிடும்ங்கய்யா. நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க.”

மாடியில் தனக்கெனத் தனி பாத்ரூம் வைத்திருக்கும் அந்த மகராசன் யோசிக்காமல் எழுதிக் கொடுத்தார். எத்தனை பேரை இப்படி வழுக்க வைத்த கை!

மறுநாள் கோர்ட்டில் செங்கமலம் அந்தக் காகிதத்தையும், இடுப்பிலிருந்து ஒரு சாவியையும் எடுத்து நீட்டினாள்.

“கைதிங்க பாத்ரூம் சாவிங்கய்யா. குழாய் உடைஞ்சு நாலு மாசமாப் பூட்டிக் கிடக்கு. பூட்டச் சொல்லி இவரே போட்ட உத்தரவு கதவுல ஒட்டியிருக்கு.”

“அப்போ எங்கேம்மா விழுந்தார்?” என்றார் மாஜிஸ்திரேட்.

“விழலைங்கய்யா. நான் ரத்தம் துடைச்சது லாக்கப்புல.”