நாற்பத்தாறாம் நாள் விழுந்த பனி

இருளப்பனுக்கு அறுபத்தொரு வயது. ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு மில்லில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவர். மெஷின் இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்தியே குரல் தடித்துப் போயிருந்தது. வீட்டிலும் அதே குரல்தான். குழம்பில் உப்புக் குறைந்தால் தெருக்கோடி வரை கேட்கும்.

ஒரு தீபாவளியன்று மகன் செந்தட்டியை அந்தக் குரலில் நாலு வார்த்தை சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவன் வீட்டுப் பக்கமே வருவதில்லை. மூன்று வருஷம் ஆகிவிட்டது.

மனைவி செண்பகம்தான் அவரை இமயமலை ஆசிரமத்துக்கு அனுப்பி வைத்தாள்.

"ஒரு மண்டலம் வாயை மூடிட்டு இருந்துட்டு வாங்க. முடிச்சிட்டு வந்தா மகனைக் கூட்டிட்டு வர்றது என் பொறுப்பு."

ஆசிரமத்தின் குரு துர்கா மாதாஜி. முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். அந்த மலையிலேயே பிறந்து, மதுரையில் நர்சிங் படித்தவர். தமிழ் நன்றாக வரும்.

"நாற்பத்தெட்டு நாள்" என்றார். "ஒரு சொல் பேசினாலும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும் ஐயா."

இருளப்பன் தலையாட்டினார்.

நாற்பத்தைந்து நாள் அவர் வாய் திறக்கவில்லை. பருப்பில் உப்பே இல்லாதபோதும் திறக்கவில்லை. குரங்கு ஒன்று அவர் தலையிலிருந்த கம்பளிக் குல்லாயைக் கழற்றிப் போட்டுக்கொண்டு அவர் எதிரிலேயே உட்கார்ந்தபோதுகூட, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டார்.

நாற்பத்தாறாம் நாள் காலையில் கதவைத் திறந்தார். வானம் இறங்கி வந்துகொண்டிருந்தது. மரம், கூரை, மலை எல்லாம் வெள்ளை. சின்னச் சத்தம்கூட இல்லை. இவ்வளவு பெரிய காரியம் சத்தமில்லாமல் நடப்பதை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. கையை நீட்டினார். உள்ளங்கையில் ஒன்று விழுந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போனது.

"அடியே செண்பகம்" என்று கத்தினார். எதிர்மலையும் செண்பகத்தைக் கூப்பிட்டது.

"மில்லுக் கூரை பிரிஞ்சு பஞ்சு பூராவும் கொட்டுதுடி. இருமலே வரலைடி."

யாரோ பள்ளத்தில் விழுந்துவிட்டார்கள் என்று எல்லோரும் ஓடி வந்தார்கள். இருளப்பன் அவர்களைத் தாண்டிச் சமையலறைக்கு ஓடினார். அலமாரியிலிருந்த ஆசிரமத்துப் போனை எடுத்தார். செண்பகத்தின் போனில் படம் தெரியாது. மனப்பாடமாக இருந்த இன்னொரு நம்பரை அழுத்திக்கொண்டே வாசலுக்கு வந்தார்.

"யாரு?"

"அப்பாதான்டா. பனி விழுதுடா. படம் தெரியுதா?"



"தெரியுதுப்பா. வெறுங்காலோட நிக்கிறீங்களே, விறைச்சிடும்."

"விறைச்சா விறைக்கட்டும். நீ பாரு."

"பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். அந்த மரத்துப் பக்கம் கொஞ்சம் காட்டுங்க."

இருளப்பன் மரத்தைக் காட்டினார். மாட்டுக் கொட்டகையைக் காட்டினார். பனி மூடிய தன் வழுக்கைத் தலையைக் காட்டினார். மகன் சிரித்தான். அதற்குள் சார்ஜ் தீர்ந்து போன் அணைந்துவிட்டது.

அப்போதுதான் பின்னால் மாதாஜி நிற்பதைப் பார்த்தார். அவர் கையில் ஒரு மண்வாரி இருந்தது.

"மாதாஜி, பேசிட்டேன்."

"கேட்டுச்சு. கீழ் ஊர்லயும் கேட்டிருக்கும்." மண்வாரியை நீட்டினார். "கொட்டகை வரைக்கும் வழி எடுங்க."

இருளப்பன் அள்ளிக்கொண்டே கொட்டகை வரை போனார். திரும்பிப் பார்த்தால் வந்த வழி மூடியிருந்தது.

"இன்னொரு தடவை" என்றார் மாதாஜி.

மறுபடியும் அள்ளினார். மறுபடியும் மூடியது. மூன்றாவது தடவையில் எவரும் பனியைத் திட்டிவிடுவார்கள். மாதாஜி அதற்காகக் காத்திருந்தார். இருளப்பன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக வந்து நின்றார்.

"கோபம் வரலையா ஐயா?"

"யார் மேல மாதாஜி?"

மாதாஜி தலையைத் தூக்கி மேலே பார்த்தார். மூக்கு நுனியில் பனி விழுந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

இருளப்பனுக்கு நினைவு வந்து முகம் வாடியது.

"நாப்பத்தஞ்சு நாள் பாழாப் போச்சே. முதல்ல இருந்துதானே?"

"முதல்ல இருந்துதான்."

"அப்ப இப்பவே வாயை மூடிக்கிறேன்."

அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணையும் மூடிக்கொண்டார்.

"நாளைக்கு ஆரம்பிங்க ஐயா" என்றார் மாதாஜி. "போன் சார்ஜ் ஏறிக்கிட்டு இருக்கு. பனியும் இன்னும் நிக்கலை."